சீனத்து நாய்கள்: அரண்மனை மடியும் வயல் வரப்பும்

கால்நடை மருத்துவம் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நமது சங்க அன்பர்கள் வீட்டில் நாய்க்குட்டி வாங்கும்போது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. "சார், இது சைனா நாய். சின்னதாக இருக்கும், அதிகம் குரைக்காது, ஃபிளாட்டுக்கு ஏற்றது என்கிறார்களே, வாங்கலாமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. அவர்கள் காட்டுவது பெரும்பாலும் பக், ஷிட்சு, எப்போதாவது பெக்கினீஸ்.

அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் சீன நாய் என்றால் எது என்று சற்று ஆழமாகப் பார்த்தால், அது நாய் என்னும் பிராணியின் வரலாற்றுக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. உலகம் சீன நாய் என்று கொண்டாடுவது ஒன்று. சீன மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்துவருவது வேறொன்று. முன்னதற்குப் பெயரும் விலையும் பதிவுச் சான்றிதழும் உண்டு. பின்னதற்கு இவை எதுவுமில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாய் எங்கே பிறந்தது?

நாயின் மூதாதை சாம்பல் நிற ஓநாய் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அது எந்த நிலத்தில், எப்போது மனிதனோடு சேர்ந்தது என்பதில்தான் வழக்கு இன்னும் முடியவில்லை.

2002ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பீட்டர் சவலைனன் தலைமையில் ஒரு குழு, உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 654 நாய்களின் தாய்வழி மரபணுவை ஒப்பிட்டது. கிழக்காசிய நாய்களிடம்தான் வகை வேறுபாடு மிகுதியாக இருந்தது. இதன் பொருளை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு மொழி நெடுங்காலம் வழங்கிவந்த நிலத்தில் வட்டார வழக்குகள் ஏராளமாக இருக்கும். அம்மொழி பேசுவோர் அண்மையில் குடியேறிய ஊரில் ஓரிரு வழக்குகளே காணப்படும். மரபணுவுக்கும் இது பொருந்தும். எனவே, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்காசியாவில் நாய் தோன்றியிருக்கலாம் என்று அக்குழு கருதியது. 2009ல் வெளியான அடுத்த ஆய்வு, யாங்ட்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ள பகுதியைச் சுட்டியது. 2016ல் சீன அறிஞர்கள் முழு மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து, ஓநாயிலிருந்து நாயின் கிளை சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்காசியாவின் தென்பகுதியில் பிரிந்தது என்று எழுதினார்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. 2013ல் ஒரு குழு, பழைய எலும்புகளின் மரபணுவைக் கொண்டு ஐரோப்பாவே நாயின் பிறப்பிடம் என்றது. 2015ல் வேறொரு குழு மத்திய ஆசியா என்றது. 2022ல் 72 பண்டைய ஓநாய்களின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்தவர்கள், நாய்கள் யூரேசியாவின் மேற்குப் பகுதி ஓநாய்களைவிடக் கிழக்குப் பகுதி ஓநாய்களுக்கே நெருக்கமானவை என்றும், ஆனால் நேரடி மூதாதை என்று சொல்லத்தக்க ஓநாய்க் கூட்டம் இன்னும் அகப்படவில்லை என்றும் முடிவு கூறினார்கள். ஆகவே, நாய் சீனாவில்தான் பிறந்தது என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆனால் கிழக்காசியாவை ஒதுக்கிவிட்டு நாயின் வரலாற்றை எழுதவும் இயலாது.

இங்கே வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்த ஆய்வுகளில் பழமைக்குச் சாட்சி சொன்னவை அரண்மனை நாய்கள் அல்ல. தென்சீனக் கிராமங்களில் பெயரின்றித் திரியும் நாட்டு நாய்கள்தாம்.

மண்ணுக்கடியில் கிடைத்த சான்று

வடசீனாவில் ஹெபெய் மாநிலத்தின் நான்சுவாங்டோ என்னுமிடத்தில் கிடைத்த நாயின் தாடை எலும்பு சுமார் 10,000 ஆண்டுப் பழமையுடையது. ஹெனான் மாநிலத்தின் ஜியாஹு, புதிய கற்காலத்து ஊர். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. நெல் விளைவித்த தடயங்களும், பறவை எலும்பில் செய்த குழல்களும் கிடைத்த புகழ்பெற்ற இடம் அது. அங்கே 11 நாய்கள் இடுகாட்டிலும் வீடுகளின் அருகிலும் முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்தன. தின்று எறிந்த எலும்புகளாக அல்லாமல், குழி வெட்டி அடக்கம் செய்த உடல்களாக அவை கிடைத்தன.

ஷாங் மன்னர்களின் தலைநகராக இருந்த அன்யாங்கில், பெருமக்களின் சவப்பெட்டிக்கு நேர் கீழே, இடுப்புப் பகுதிக்கு அடியில் ஒரு சிறு குழி காணப்படுகிறது. அதில் பெரும்பாலும் ஒரு நாயைப் பலியிட்டுப் புதைத்திருக்கிறார்கள். மறு உலகிலும் காவலுக்கு நாய் வேண்டும் என்ற நம்பிக்கை போலும். கி.மு. 1200 அளவில் எழுதப்பட்ட ஆரூட எலும்புகளில் நாயைக் குறிக்கும் எழுத்து, வளைந்த வாலுடன் நிற்கும் நாயின் கோட்டுச் சித்திரமாகவே உள்ளது. இன்றைய சீன எழுத்து அதன் வழிவந்ததுதான்.

குதிரை, மாடு, ஆடு, பன்றி, நாய், கோழி ஆகிய ஆறும் சீனர்களின் வீட்டு விலங்குகள். பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் பதினோராவது ஆண்டு நாய்க்கு உரியது. கடைசியாக 2018ல் வந்தது. அடுத்து 2030ல் வரும். பழைய உரையாசிரியர்கள் நாயை வேட்டைக்கு உரியது, காவலுக்கு உரியது, உணவுக்கு உரியது என்று மூன்றாக வகுத்தார்கள். மூன்றாவது வகை நமக்கு வருத்தம் தரலாம். ஆனால் வரலாற்றை உள்ளபடி சொல்லத்தான் வேண்டும்.

ஹான் காலத்துக் கல்லறைகளில் பச்சை மெருகிட்ட சுடுமண் நாய்கள் நிறையக் கிடைத்துள்ளன. தடித்த உடல், கழுத்திலும் மார்பிலும் வார்ப்பட்டை, முதுகின்மேல் சுருண்ட வால். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டு வீட்டு வாசலில் எப்படிப்பட்ட நாய் படுத்திருந்தது என்பதை இவற்றில் காணலாம்.

தூகோ என்னும் நாட்டு நாய்

சீன மொழியில் கோ என்றால் நாய், தூ என்றால் மண். தூகோ என்பது மண்ணின் நாய், அதாவது நாட்டு நாய். இச்சொல்லில் சிறிது ஏளனமும் கலந்திருப்பதால், அதன்மேல் பற்றுள்ளவர்கள் 'சீன வயல்வெளி நாய்' என்று பொருள்படும்படி சோங்ஹுவா தியென்யுவான் சுவான் என்று மதிப்பாக அழைக்கிறார்கள்.

இதன் இலக்கணம் என்ன? நடுத்தர உயரம். குறுகலான, ஓரளவு நீண்ட முகவாய். நிமிர்ந்த அல்லது பாதி மடிந்த காது. படிந்த குட்டை ரோமம். அரிவாள்போல் மேல்நோக்கி வளைந்த அல்லது சுருண்ட வால். மஞ்சள் நிறம் மிகுதி. கறுப்பு, வெள்ளை, பல நிறக் கலப்பும் உண்டு. கறுப்பு உடலில் கண்ணுக்குமேல் இரண்டு மஞ்சள் பொட்டு வைத்தாற்போல் இருப்பதை 'நாலு கண்ணன்' என்கிறார்கள். மஞ்சள் நாய் என்றால் 'தா ஹுவாங்', அதாவது 'பெரிய மஞ்சளன்' என்றே பெயரிட்டுவிடுவது வழக்கம். 'வாங்சாய்' என்பது இன்னொரு பெயர். செல்வம் பெருகுக என்று பொருள். சீனர் காதுக்கு நாய் 'வாங் வாங்' என்று குரைக்கிறது. வாங் என்ற ஒலியில் அம்மொழியில் செழிப்பு என்னும் சொல்லும் உண்டு. அதனால்தான் நாய் தானாக வீடு தேடி வந்தால் செல்வம் வரும் என்று அங்கே நம்புகிறார்கள். பெற்ற தாய் அழகில்லை என்று மகன் வெறுப்பதில்லை, வீடு ஏழ்மை என்று நாய் வெறுப்பதில்லை என்பது அவர்கள் பழமொழி.

மருத்துவன் கண்ணோடு பார்த்தால் இந்நாயின் உடற்கட்டு குறை சொல்ல முடியாதது. முகவாய் நீளமாதலால் மூச்சுத் திணறல் இல்லை. தலை பெரிதாக வளராததால் குட்டி ஈனுவதில் சிக்கல் குறைவு. தோல் மடிப்பு இல்லாததால் அங்கே புண் வருவதில்லை. யாரும் தேர்ந்தெடுத்து இணை சேர்க்கவில்லை. பசியும் நோயும் குளிரும் வெயிலும்தாம் அதைச் சலித்துத் தேர்ந்தெடுத்தன. நமது தெருவில் திரியும் நாட்டு நாயைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதைப் பற்றி எனக்குத் தெரிந்த சுவையான பழைய வருணனை ஒன்று, இங்கிலாந்தின் கில்பர்ட் ஒயிட் 1789ல் வெளியிட்ட செல்போர்ன் இயற்கை வரலாறு என்னும் நூலில் உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஓர் இளைஞர் சீனத்துக் கான்டன் நகரிலிருந்து ஆணும் பெண்ணுமாக இரண்டு நாய்களைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தாராம். வெளிர் மஞ்சள் நிறம், கூரிய நிமிர்ந்த காது, நரி போன்ற முகம், நீல நிற நாக்கு, வளைவில்லாத பின்னங்கால்கள் என்று ஒயிட் எழுதுகிறார். அரிசி மாவு போன்ற உணவில் வளர்க்கப்பட்ட அவை, இங்கிலாந்துக்கு வந்தபோது இறைச்சியை விரும்பவில்லை என்றும் குறிக்கிறார். இது வியப்புக்குரியதன்று. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் மிகுதி என்பது 2013ல் நிறுவப்பட்டது. உழவன் வீட்டுச் சோற்றை உண்டே நாய் நாயாகியது எனலாம்.

வேட்டைக்கென்று வளர்ந்தவை

வட்டாரத்துக்கு வட்டாரம் மக்கள் தம் தேவைக்கேற்பச் சில வகைகளை வளர்த்தெடுத்தார்கள். அவற்றில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது ஷிகோ. 'மெலிந்த நாய்' என்று பொருள். ஷான்சி, ஷான்டுங் பகுதிகளின் சமவெளியில் முயல் வேட்டைக்குப் பயன்பட்டது. ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுவது. நமது சிப்பிப்பாறை நாயைக் கண்டவர்கள் ஷிகோவின் படத்தைப் பார்த்தால் உறவுக்காரன் என்றே நினைப்பார்கள். சீனப் புராணத்தில் எர்லாங் என்னும் தேவனுக்கு ஒரு வேட்டை நாய் உண்டு. மேற்குப் பயணம் என்னும் நெடுங்கதையில் குரங்கரசனின் காலைக் கவ்வி வீழ்த்துவது இதுதான். ஓவியர்கள் அதை ஷிகோவாகவே தீட்டுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசரின் அவையில் இருந்த இத்தாலியத் துறவி காஸ்டிக்லியோனே வரைந்த பத்து நாய்களின் ஓவியத் தொகுதியிலும் ஒன்பது இத்தகைய மெலிந்த வேட்டை நாய்களே.

இரண்டாவது, குய்சோ மாநிலத்து ஷியாசி நாய். மியாவ் பழங்குடி மக்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்ப்பது. வெண்மையான சொரசொரப்பான ரோமமும் முகத்தில் மீசை தாடியும் உடையது.

மூன்றாவது, சோங்சிங் நாய். தென்மேற்குச் சீனத்துக் காவல் நாயும் வேட்டை நாயுமாகும். அதன் வால் ரோமமின்றி மூங்கில் குச்சிபோல் விறைத்து நிற்கும். எண்ணிக்கையில் இப்போது மிகக் குறைவு.

சௌ சௌவும் ஷார் பெய்யும்

சௌ சௌ என்னும் பெயர் சீனப் பெயரன்று. கப்பல் வணிகர்கள் பலசரக்குச் சாமான்களுக்கு வழங்கிய கொச்சைச் சொல், கப்பலில் வந்த நாய்க்கும் ஒட்டிக்கொண்டது. சீனர்கள் இதைச் 'சிங்க நாய்' என்னும் பொருளுடைய சொல்லால் அழைக்கிறார்கள். கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர்போல் அடர்ந்த ரோமம், விறைத்த நடை, கருநீல நாக்கு ஆகியவை அடையாளம். குட்டி பிறக்கும்போது நாக்கு இளஞ்சிவப்பாகவே இருக்கும். சில வாரங்களில்தான் நிறம் மாறும். இதை அறியாமல், நாக்கு நீலமாகிறதே, நெஞ்சில் கோளாறோ என்று பதறி என்னிடம் குட்டியைத் தூக்கிவந்தவர்கள் உண்டு.

ஷார் பெய் என்றால் கான்டன் வழக்கில் 'மணல் தோல்'. தடவிப் பார்த்தால் உப்புக்காகிதம்போல் உறுத்தும். குவாங்டுங் மாநிலத்தில் ஃபோஷான் நகருக்கு அருகிலுள்ள தாலி என்னும் ஊரே இதன் தாயகம் என்பர். உழவர்கள் காவலுக்கு வளர்த்தார்கள், சண்டைக்கும் விட்டார்கள். 1949க்குப் பிறகு சீனப் பெருநிலத்தில் இது ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1973ல் ஹாங்காங்கைச் சேர்ந்த மாட்கோ லா என்பவர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் வாயிலாக, இந்த இனத்தைக் காப்பாற்றுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார். அமெரிக்கர்கள் குட்டிகளை வரவழைத்துப் பெருக்கினார்கள். 1978ல் கின்னஸ் நூலில் உலகின் மிக அரிய நாய் என்று இடம்பெற்ற இனம், இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

இதை வெற்றி என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. பழைய ஷார் பெய்க்கு நெற்றியிலும் தோளிலும் மட்டுமே சில சுருக்கங்கள் இருந்தன. முகவாய் எலும்பு தெரியும்படி இருந்தது. அமெரிக்கர்கள் சுருக்கத்தை விரும்பினார்கள்; அதனால் வளர்ப்போர் சுருக்கத்தைப் பெருக்கினார்கள். 2011ல் வெளியான ஆய்வு இதன் காரணத்தை விளக்கிற்று. தோலுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹையலுரானிக் அமிலத்தை உண்டாக்கும் மரபணுவுக்கு அருகில் ஒரு துண்டு இரட்டித்திருக்கிறது. அதன் பிரதிகள் கூடக்கூடத் தோல் மடிப்பு கூடும். அதே இரட்டிப்புதான் இந்த இனத்துக்கே உரிய, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் நோயோடும் தொடர்புடையது. மனிதன் அழகு என்று கருதித் தேர்ந்தெடுத்தது, நாய்க்கு நோயாகவும் சேர்ந்து வந்தது. இமை உட்புறம் மடிந்து கண்ணைக் கீறி, அறுவை செய்ய நேர்ந்த ஷார் பெய்களை நானே பார்த்திருக்கிறேன்.

அரண்மனை மடியில் வளர்ந்தவை

கி.பி. 624ல் மேற்கு எல்லையிலிருந்த காவ்சாங் நாட்டரசன், தாங் பேரரசருக்கு ஓர் ஆண் நாயையும் ஒரு பெண் நாயையும் காணிக்கையாக அனுப்பினான். உயரம் ஆறு அங்குலம், நீளம் ஓர் அடிக்குச் சற்று அதிகம். குதிரையின் கடிவாளத்தைக் கவ்வி நடத்தவும், வாயில் விளக்கை ஏந்தவும் அவற்றுக்குத் தெரியும் என்று தாங் வரலாற்று நூல் கூறுகிறது. அவை பிறந்த நாடு ரோமானியக் கீழைப் பேரரசு என்றும் அது குறிக்கிறது. அதாவது, சீன அரண்மனையில் சிறு நாய் மோகத்தை வளர்த்தவற்றில் வெளிநாட்டு வரவும் ஒன்று. சோ ஃபாங் என்னும் தாங் கால ஓவியரின் பெயரில் வழங்கும் அரண்மனை மகளிர் ஓவியத்திலும் சிறு நாய்கள் துள்ளுகின்றன.

பிற்காலத்தில் இந்தச் சிறு நாய்களுக்குச் சிங்கத்தின் சாயல் தேவைப்பட்டது. சீனாவில் சிங்கம் கிடையாது. புத்த சமயத்தோடு நம் நாட்டிலிருந்து சிங்க உருவம் அங்கே சென்றது. நேரில் கண்டிராத அந்த விலங்கைச் சிற்பிகள் கல்லில் செதுக்கினார்கள். அரண்மனைப் பணியாளர்கள் நாயில் வடித்தார்கள். தட்டை முகம், பிடரி, வளைந்த முன்னங்கால் கொண்ட பெக்கினீஸ் அப்படி உருவானது. ஷிட்சு என்னும் பெயருக்கே சிங்கம் என்றுதான் பொருள். திபெத்திய மடாலய நாய்களும் சீன அரண்மனை நாய்களும் கலந்து வந்தது அது.

1860 அக்டோபரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீக்கிங்கின் கோடை அரண்மனையைக் கொள்ளையிட்டுத் தீயிட்டார்கள். அங்கே அகப்பட்ட ஐந்து பெக்கினீஸ் நாய்கள் இங்கிலாந்து சென்றன. அவற்றில் ஒன்று விக்டோரியா ராணிக்குப் பரிசானது. அதற்கு வைத்த பெயர் லூட்டி! இந்தியில் லூட் என்றால் கொள்ளை. அச்சொல் ஆங்கிலத்தில் ஏறி, கொள்ளையில் கிடைத்த நாய்க்கே பெயராயிற்று. அந்நாய் 1872வரை வாழ்ந்தது. நம்மவர்க்கும் இந்தப் போரில் தொடர்புண்டு. இன்று பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அந்தச் சீனப் போரில் பங்கேற்று, 'பீக்கிங் 1860' என்னும் போர் விருதைப் பெற்றது.

பக் அதற்கு முன்பே டச்சு வணிகர் வழியாக ஐரோப்பா சென்றுவிட்டது. 1745ல் ஓவியர் ஹோகார்த் தம் பக் நாயோடு தம்மையும் வரைந்துள்ளார். அந்த ஓவியத்தைப் பார்த்தால் நாயின் மூக்கு இன்றுள்ளதைவிட எவ்வளவோ நீளமாக இருப்பது தெரியும். எஞ்சிய மூக்கையும் அழுத்தித் தட்டையாக்கியது பிற்கால ஐரோப்பிய வளர்ப்புப் போட்டிதான்.

பெயரில் மட்டும் சீனம்

சைனீஸ் கிரெஸ்டட் என்றொரு நாய் உண்டு. தலையிலும் பாதத்திலும் வாலிலும் தவிர உடலில் ரோமமே கிடையாது. பெயரில் சீனம் இருந்தாலும், 2008ல் கண்டறிந்த மரபணு மாற்றம் வேறு கதை சொல்கிறது. மெக்சிகோ, பெரு நாடுகளின் ரோமமற்ற நாய்களிடம் உள்ள அதே மாற்றம்தான் இதனிடமும் உள்ளது. ஒரே மாற்றம் இரு வேறு இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்க வாய்ப்பில்லை. எங்கோ ஓரிடத்தில் தோன்றி மற்ற இடங்களுக்குப் பரவியிருக்க வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற கரு பிழைக்காது. எனவே ரோமமற்ற நாய் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே அதைப் பெற்றதாகும். ஒரே ஈற்றில் ரோமமுள்ள குட்டிகளும் பிறப்பது இதனால்தான்.

திபெத்திய மாஸ்டிஃப் நாயையும் இங்கே குறிப்பிட வேண்டும். உயர்ந்த பீடபூமியில் பிராணவாயு குறைவு. அங்கே வாழ உதவும் ஒரு மரபணு வகையை இந்நாய் அப்பகுதி ஓநாய்களோடு கலந்ததால் பெற்றது என்று அறிந்துள்ளனர். ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியாகாமல் அது காக்கிறது. மேய்ச்சல் மக்களின் மந்தையைக் காத்த இந்த நாய் மீது சீனப் பணக்காரர்களின் கண் பட்டது. 2014ல் ஒரு நாய் 1 கோடியே 20 லட்சம் யுவானுக்கு விற்றதாகச் செய்தி வந்தது. பிறகு மோகம் தணிந்தது, விலை சரிந்தது. பண்ணைகள் மூடப்பட்டன. கைவிடப்பட்ட நாய்கள் பீடபூமியில் கூட்டமாகத் திரிந்து மக்களுக்கும் வனவிலங்குகளுக்கும் தொல்லையாயின. குற்றம் நாயினுடையதன்று.

நாட்டு நாயின் இன்றைய நிலை

இப்போது தூகோவிடம் திரும்புவோம். 1950களின் தொடக்கத்தில் சுகாதார இயக்கத்தின் பெயரால் சீன நகரங்களில் நாய்களை ஒழித்தார்கள். 2006ல் யுன்னான் மாநிலத்தின் மோதிங் வட்டத்தில் வெறிநாய்க்கடியால் மூவர் இறந்ததும், 50,000க்கு மேற்பட்ட நாய்களைச் சில நாட்களில் அடித்துக் கொன்றார்கள். தடுப்பூசி போட்ட நாய்களும் தப்பவில்லை. வெறிநோயைத் தடுக்க வழி அதுவன்று. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற வழி. தடுப்பூசி போட்ட நாயைக் கொல்வது, கட்டிய அணையை நாமே உடைப்பது போன்றது.

மாற்றங்களும் வந்துள்ளன. 2020ல் சீன வேளாண் அமைச்சகம் கால்நடைப் பட்டியலிலிருந்து நாயை நீக்கி, அது மனிதனின் துணை விலங்கு என்றது. அதே ஆண்டு ஷென்சென் நகரம் நாய் இறைச்சியைத் தடை செய்தது. 2021ல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், வளர்ப்பவர் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்று விதித்தது.

ஆயினும் ஒரு முரண் எஞ்சியிருக்கிறது. சீனத்துப் பெருநகரங்கள் பலவற்றில், வளர்க்கக் கூடாத நாய்களின் பட்டியல் உண்டு. சில நகரங்கள் அயல்நாட்டுச் சண்டை நாய்களோடு தம் சொந்த வயல்வெளி நாயையும் அப்பட்டியலில் சேர்த்துவிட்டன. பக்குக்கும் ஷிட்சுவுக்கும் உரிமம் கிடைக்கும். நெல் பயிரிட்ட காலம்தொட்டு அந்த மண்ணில் வாழ்ந்த நாய்க்கு அந்நகரங்களில் உரிமம் கிடையாது. மற்றொரு பக்கம், கிராமங்களில் வெளிநாட்டு நாய்களோடு கலந்து அதன் தனித்தன்மை கரைந்துவருகிறது. பதிவேடு இல்லாத இனம் குறைந்தாலும் கணக்கில் வராது. 2004ல் 85 இனங்களின் மரபணுவை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஷார் பெய், சௌ சௌ, பெக்கினீஸ், ஷிட்சு ஆகியவற்றை ஐரோப்பிய இனங்களிலிருந்து விலகி நிற்கும் பழைய கூட்டத்தில் சேர்த்தது. அந்தப் பெருமையாவது அவற்றுக்குக் கிடைத்தது. அவற்றுக்கெல்லாம் வேரான நாய்க்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஏனென்றால், அதை யாரும் 'இனம்' என்று பதிவு செய்யவில்லை.

நமக்கு என்ன பாடம்?

முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். நாய் உடல் முழுவதும் வேர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே உடற்சூட்டைத் தணிக்கிறது. முகவாய் குறுகினால் அந்த ஈரப் பரப்பும் குறையும். ஆனால் மேலண்ணத்தின் மென்தசை அந்த அளவுக்குக் குறைவதில்லை. அது தொண்டையில் தொங்கி மூச்சை அடைக்கும். மூக்குத் துளையும் கீற்றுப்போல் ஒடுங்கியிருக்கும். தில்லியின் மே, ஜூன் வெயிலில் இப்படிப்பட்ட நாயை நண்பகலில் நடத்திச் செல்வது உயிருக்கு ஆபத்து. 2003ல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக்கைக் கண்டு நம் நாட்டில் பலரும் அதை வாங்கினார்கள். கோடைதோறும் நாக்கு நீலம் பாரித்த பக் நாய்கள் என் மேசைக்கு வந்தன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை.

ஏற்கெனவே இவ்வகை நாய் வளர்ப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. கோடையில் விடியற்காலையிலும் இரவிலும் மட்டும் நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூடிய காரில் ஐந்து நிமிடமும் விடாதீர்கள்.

2. உடல் பருக்க விடாதீர்கள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் வார் பூட்டுங்கள்.

3. முகத்து மடிப்புகளை நாள்தோறும் துடைத்து ஈரமின்றி வையுங்கள். கண் சிவந்தால் காத்திருக்க வேண்டாம்.

4. தூங்கும்போது பலத்த குறட்டை, விளையாடும்போது மயக்கம் ஆகியவை 'அதன் சுபாவம்' அல்ல, நோய்க்குறி. மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குத் துளையை அகலப்படுத்தவும் அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு.

5. புதிதாக வாங்குபவர்கள் குட்டியின் தாயையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அது வாயை மூடிக்கொண்டு சத்தமின்றி மூச்சு விடுகிறதா என்று கவனியுங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நாயின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அது எந்த மண்ணில் எந்த வேலைக்காக உருவானது என்று பாருங்கள். நம்மிடம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை உண்டு. 2005ல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால் தலையே வெளியிட்டது. ஆனால் இவையெல்லாம் ஓட இடம் கேட்கும் நாய்கள். இரண்டறை ஃபிளாட்டில் கட்டிப்போட்டால் அதுவும் கொடுமைதான். அப்படியானால் எஞ்சுவது யார்? உங்கள் காலனி வாசலில் படுத்திருக்கும், காது பாதி மடிந்த, மஞ்சள் நிறக் குட்டிதான். தடுப்பூசியும் கருத்தடையும் செய்து, ஒரு பெயரும் வைத்துவிட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் உங்களோடு இருக்கும். சீனத்துத் தூகோவைப் போலவே அதற்கும் சான்றிதழ் இல்லை. ஆனால் பல்லாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் சலித்தெடுத்த உடல் அதற்கு இருக்கிறது. அதை நம்பி வீட்டுக்குள் அழைக்கலாம்.